எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்ட மாணவிக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஆத்தங்குடியில் உன் வீட்டு முகப்பிலேயே சாயங்காலம் ஆங்கில வகுப்பு ஆரம்பித்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிற நாலு பேர், கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டும் பெண்கள் மூன்று பேர், பலகாரம் போடும் ஆச்சி ஒருவர். இரவல் வாங்கிய புத்தகம் சரிப்படவில்லை, வேறு எது வாங்கட்டும் டீச்சர் என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எதுவும் வாங்காதே.

நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். பட்டறைக்காரர் ஒருவர் "டைல் வாட்டர் கீப்" என்றாராம். நீ அதைத் திருத்திவிட்டு ஆறாம் பக்கத்துக்குப் போய்விட்டாயாம். அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும் அம்மா.

அவர் சொல்ல வந்தது என்ன? செய்த கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்போம் என்பது. பட்டறை பார்க்க வருகிறவர்கள் தினமும் கேட்பதும் அதைத்தானே. "த டைல் இஸ் கெப்ட் இன் வாட்டர்" என்று பலகையில் எழுது. அப்புறம் விடாமல் கேள்: அதற்கு முன்னால் என்ன செய்வீர்கள்? கண்ணாடி மேல் அச்சை வைக்கிறோம், கலர் ஊற்றுகிறோம், அச்சை எடுக்கிறோம், மணலும் சிமெண்டும் போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் வரும். "த கலர் இஸ் போர்ட் ஆன் கிளாஸ்." எழுதி முடித்தால் செயப்பாட்டு வினை முழுசாகப் பலகையில் நிற்கும். அந்த இலக்கணப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். நானும் வருஷக்கணக்கில் புத்தகத்தில் இருந்த வாக்கியங்களை மாற்றி எழுத வைத்து மார்க் போட்டேன். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் அந்த வாக்கியங்களை வெளியே ஒருவரிடம் சொல்லத் தேவையே வரவில்லை. இந்த மனிதருக்கோ நாளைக்குக் காலையிலேயே தேவை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1995ல் டென்மார்க் சினிமா இயக்குநர்கள் சிலர் செட் வேண்டாம், தனியாகச் சேர்த்த இசை வேண்டாம் என்று விதி போட்டுக்கொண்டார்கள், பிறகு அதன்படியே படமெடுத்தார்கள். அந்த இயக்கத்துக்கு டாக்மே 95 என்று பெயர். ஸ்காட் தார்ன்பெரி என்ற ஆங்கில ஆசிரியர் 2000ல் அதே துணிச்சலை வகுப்பறைக்குக் கேட்டார்: புத்தகத்தை நம்பியிருக்க வேண்டாம், வகுப்பில் இருப்பவர்களின் பேச்சுதான் பாடம், அந்தப் பேச்சில் தேவைப்படுகிற மொழியைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பக்கத்திலும் இதற்கு உறவான ஒரு முயற்சி முன்பே நடந்தது. என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் இலக்கண வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு, ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்தே ஆங்கிலம் வரவழைக்கப் பார்த்தார். அவர் பயிற்சிகளை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு போனார் என்பது உண்மை. ஆனாலும் எனக்குத் தைரியம் கொடுத்தது அவர்தான்.

வீடு காட்டும் பெண்கள், வீட்டு நடுவே திறந்திருக்கும் வளவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்பார்கள். கோர்ட்யார்ட் என்று சொல்லிக்கொடு, ஆனால் வளவு என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். "வீ கால் இட் வளவு. ரெயின் ஃபால்ஸ் இன்சைட் த ஹவுஸ்." இதைக் கேட்டால் எந்த விருந்தாளியும் நின்று மேலே பார்ப்பார்.

புத்தகம் இல்லையென்றால் வேலை குறையும் என்று நினைக்காதே. வேலை வகுப்பு முடிந்த பிறகுதான். அன்றைக்கு யார் என்ன சொல்ல முயன்றார், எந்த இடத்தில் தடுமாறினார் என்று சுடச்சுட நோட்டில் எழுதி வை. மறந்துபோனால் மறுநாள் வெறும் அரட்டைதான் மிஞ்சும். இந்த முறையைக் குறை சொல்கிறவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், அது நியாயமான பயம். பரீட்சை எழுதுகிற பிள்ளை யாராவது வந்தால் அவர்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டும்தான். அதில் பிடிவாதம் பிடிக்காதே.

ஆச்சி வாயே திறப்பதில்லை என்றாயே. அவரிடம் ஆங்கிலத்தில் எதையும் கேட்காதே. கவுனி அரிசி இனிப்பு எப்படிச் செய்வது என்று தமிழிலேயே கேள், குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்க விடு. அமெரிக்காவில் சார்லஸ் கர்ரன் என்ற உளவியலாளர் இப்படித்தான் செய்தார்: மாணவர் தன் மொழியில் சொன்னதை ஆசிரியர் பின்னால் நின்று மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லித் தருவார், மாணவர் அதைத் திருப்பிச் சொல்வார். ஆச்சிக்கு முதல் நாள் ஒரே வாக்கியம் போதும். அரிசியை ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பார். "சோக் இட் ஓவர்நைட்" என்று காதோடு சொல். அவர் சொன்ன பிறகு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் டீச்சர்