சேமநிதியின் செஜாத்தெரா கணக்குப் பங்கு பாதியானதைப் பற்றியும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலையில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிக் கடன் வட்டிக்கு அடிப்படையான ஓபிஆர் விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. முதல் வீட்டுக்கான முத்திரை வரி விலக்கும் 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தன. நல்லதுதான். ஆனால் எங்கள் பாடாங் செராயில் வீடு வாங்கத் துடிக்கும் பிள்ளைகளை அதிகம் பாதிக்கும் மாற்றம் அதற்கு முன்பே, 2024 மே 11-ஆம் தேதி, வந்துவிட்டது. வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

அன்றுதான் ஊழியர் சேமநிதி வாரியம் 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கை மூன்றாகப் பிரித்தது. அதற்கு முன் சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்குக்குப் போகும். வீட்டு முன்பணத்துக்கு எடுப்பது அதிலிருந்துதான். இப்போது அந்தக் கணக்கின் பெயர் செஜாத்தெரா. அதற்குப் போவது 15 விழுக்காடு. 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்குக்கும் மீதி ஓய்வுக்காலக் கணக்குக்கும் போகின்றன.

கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதலாளி பங்கும் சேர்த்து இருவருக்குமாக மாதம் ஏறத்தாழ 816 ரிங்கிட் சேமநிதிக்குப் போகிறது. 250,000 ரிங்கிட் வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 25,000. பழைய முறையில், ஈவுத்தொகையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், எட்டரை ஆண்டில் அது சேர்ந்துவிடும். இப்போது பதினேழு ஆண்டு. ஃபிளெக்சிபல் பணத்தில் ஒரு காசுகூடத் தொடாமல் அதையும் சேர்த்துக்கொண்டால் பத்து ஆண்டுக்குச் சற்று மேல். பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டார்சைக்கிளுக்கு டயர், தீபாவளி என்று செலவு வரும்போது கைப்பேசியிலேயே எடுக்கக்கூடிய பணத்தை யார் தொடாமல் இருப்பார்கள்?

ஓபிஆர் குறைந்ததால் என்ன மிச்சம்? 225,000 ரிங்கிட் கடனை 35 ஆண்டுக்கு எடுத்தவருக்கு வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 3.75 ஆனால் மாதத் தவணையில் ஏறத்தாழ 33 ரிங்கிட் குறையும். அதுவும் கடன் கிடைத்துவிட்டவருக்கு. முத்திரை வரி விலக்கு உண்மையிலேயே பெரிய உதவி. இதே வீட்டுக்கு 5,000 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சமாகிறது. ஆனால் அந்த விலக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்தவருக்குத்தான்.

முன்பணம் இல்லாவிட்டால் அரசாங்க உத்தரவாதத்தில் முழுக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கு எஸ்ஜேகேபி எனும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் உத்தரவாதம் 500,000 ரிங்கிட் வரை உண்டு. கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கும் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போடுகிறவருக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் உத்தரவாதம் வங்கிக்கு. தவணை நம் தலையில். 225,000-க்குப் பதில் 250,000 கடன் எடுத்தால் அதே 3.75 விழுக்காடு வட்டியில் மாதம் ஏறத்தாழ 107 ரிங்கிட் கூடுகிறது. மற்றவரைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர் மற்றவரைவிட அதிகத் தவணை கட்டுகிறார்.

ஓவர்டைம் கதை தனி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் பாதி கனம் அதில்தான். ஓவர்டைமுக்குச் சேமநிதி சந்தா கிடையாது. வங்கிகள் பலவும் அதை முழு வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை. 2012 முதல் பிடித்தம் போகக் கைக்கு வரும் வருமானத்தை வைத்தே கடனைக் கணக்கிட வேண்டும் என்பது பேங்க் நெகாரா விதி. அளவுக்கு மீறிக் கடன் கொடுக்கக் கூடாது என்ற அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு ஷிப்டில் உழைத்த பணம் சேமிப்பிலும் ஏறாமல் வங்கியிலும் முழுதாக ஏறாமல் போனால், அந்தப் பிள்ளை முன்பணத்துக்கு எங்கே போவது?

நகரத்துப் பிள்ளைக்கு வீடு தாமதமானால் இன்னும் சில ஆண்டு வாடகைதான். தோட்டத்தில் அப்படி இல்லை. அப்பாவுக்கு வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அறுபது வயதில் அவருக்கு 35 ஆண்டுக் கடனை எந்த வங்கியும் தராது. ஆகவே முப்பதை எட்டாத மகனோ மகளோதான் குடும்பத்துக்கே முதல் வீடு வாங்குகிறார்கள். அவர்களுக்கு எட்டரை ஆண்டுக்கும் பதினேழு ஆண்டுக்கும் இடையில் இருப்பது பெற்றோர் எங்கே தங்குவது என்ற கேள்வி.

வாரியத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இதுவரை வீடு வாங்காத, குறைந்த சம்பளக்காரர்கள் விரும்பினால் பழையபடி 30 விழுக்காட்டைச் செஜாத்தெராவில் சேர்க்க அனுமதியுங்கள். முதல் வீடு வாங்கியதும் 15-க்குத் திருப்பிவிடலாம். ஓய்வுக்காலச் சேமிப்பு குறையுமே என்பார்கள், குறையும்தான். சொந்தக் கூரை இல்லாமல் வாடகை கட்டும் முதுமைக்கும் செலவு உண்டு.

அதுவரை இளையோருக்கு ஒரு தகவல்: ஃபிளெக்சிபல் பணத்தைச் செஜாத்தெராவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் வீட்டு முன்பணத்துக்கு எடுக்க அனுமதி கிடைப்பது ஒப்பந்தமும் கடன் ஒப்புதலும் கைக்கு வந்த பிறகே. வழக்கறிஞர் கட்டணம் போன்ற முதல் செலவுகளுக்கான ரொக்கத்தைத் தனியாக வைத்துக்கொண்டு மீதியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா