தாலிச் வந்த வழி

வராஜ்டின்,
குரோஷியா.

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நலம். குளிர் விட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

துபாய் கால்பந்து அகாடமியில் வேலை வந்திருக்கிறது, போனால் கோச்சாக வளர்வது அதோடு நின்றுவிடுமா என்று கேட்டிருந்தாய். மாநில அணிக்கே ஆடாதவனைப் பெரிய பையன்கள் மதிப்பார்களா என்றும் எழுதியிருந்தாய். தூத்தூர்ப் பக்கம் பந்து ஆடுகிற பாதி வீடுகளில் இதே பேச்சுதான். இரண்டுக்கும் பதில் சொல்ல, நான் இருக்கிற இந்த ஊரிலேயே ஓர் ஆள் இருக்கிறார். ஸ்லாட்கோ தாலிச். குரோஷியா தேசிய அணியின் கோச்.

ஊரைப் பற்றி முதலில். தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 44 ஆயிரம் பேர்கூட இல்லை, நாகர்கோவிலில் கால்வாசி வராது. டிராவா ஆற்றங்கரை, பழைய மாளிகைகள், ஆகஸ்ட் கடைசியில் ஷ்பான்சிர்ஃபெஸ்ட் என்று தெருவெல்லாம் திருவிழா. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். 2023 ஜூலையிலிருந்து கடைகள் வருடத்துக்கு 16 ஞாயிறு மட்டும்தான் திறக்கலாம் என்று சட்டம். அதனால் அரிசி, பருப்பு எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். ஞாயிறு மதியம் கிராமத்து மைதானங்களில் மாவட்ட லீக் ஆட்டம் நடக்கும். மொத்த நாட்டிலும் 39 லட்சம் பேர்தான்.

இங்கே வார்டெக்ஸ் என்று ஒரு துணி ஆலை. அதன் பெயரில்தான் கிளப்பும் இருந்தது. தாலிச் அந்தக் கிளப்பின் மிட்ஃபீல்டர். 1966-ல் போஸ்னியாவின் லிவ்னோவில் பிறந்து, ஹைடுக் ஸ்பிலிட் கிளப்பில் வளர்ந்து, சிபாலியா, புதுச்னோஸ்ட் டிட்டோகிராட், வெலெஷ் என்று கிளப் கிளப்பாகச் சுற்றிவிட்டு இங்கே வந்தவர். நடுவில் மறுபடி ஹைடுக்குக்குப் போய், திரும்பவும் இங்கேயே வந்து 2000-ல் ஆட்டத்தை நிறுத்தினார். நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஒன்றுகூட. 1998 உலகக் கோப்பையில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தபோது, முதல் மூன்று ஆட்டங்களை ரசிகர்களோடு நின்று பார்த்துவிட்டு, கிளப் பயிற்சிக்கு நேரமாயிற்று என்று பிரான்சிலிருந்து திரும்பியவர்.

இகோர் ஸ்டிமாக்கை உனக்குத் தெரியும், 2019 முதல் 2024 வரை நம் இந்திய அணியின் கோச். 1998 அணியின் தடுப்பாட்டக்காரர், நாட்டுக்காக 53 ஆட்டம். 2012-ல் அவரிடம் தேசிய அணியைக் கொடுத்தார்கள், 2013 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். ஆடிய காலத்துப் பெயர் கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.

தாலிச் உதவியாளராகத் தொடங்கினார். 1998 அணியின் கோச் பிளாஷெவிச் வார்டெக்ஸுக்கு வந்தபோது அவர் பக்கத்தில் இருந்து கற்றார். 2005-ல் தலைமை கோச் ஆனார். அடுத்த வருடமே குரோஷியக் கோப்பை இறுதி, ரியேக்காவோடு இரண்டு ஆட்டம். அங்கே 0-4 தோல்வி, இங்கே 5-1 வெற்றி. கூட்டினால் 5-5. ஆனால் வெளியூரில் அடித்த கோலுக்கு அன்று கூடுதல் மதிப்பு இருந்தது. ரியேக்கா இங்கே அடித்த அந்த ஒரே கோல் கோப்பையைக் கொண்டுபோனது. அங்கே நாலு வாங்கும்போது பதிலுக்கு ஒன்று அடித்திருந்தால் கோப்பை இவருடையது. உன் பையன்களுக்கு இதைச் சொல்: தோற்கிற ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை கணக்கு இருக்கிறது.

பிறகு ரியேக்கா, அல்பேனியாவில் டினாமோ டிரானா, திரும்பி வந்து ஸ்லாவென் பெலூப்போ. இதற்கிடையே 2006 முதல் 2011 வரை 21 வயதுக்குட்பட்ட தேசிய அணியில் கோச் லாடிச்சுக்கு உதவியாளர். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத வருடங்கள். ஆனால் இளம் ஆட்டக்காரர்களோடு பழக்கம் அங்கேதான் வந்தது.

2010-ல் சவுதிக்குப் போனார். ரியாத் அணிகளில் ஒன்று இல்லை, ஹர்மா என்னும் சின்ன ஊரின் அல்-பைசலி. இரண்டு வருடம் கழித்து ரியாத்தின் பெரிய கிளப் அல்-ஹிலால் கூப்பிட்டது, அதுவும் இரண்டாம் அணிக்கு. ஒரு கிளப்பின் முதல் அணியை நடத்தியவர் இன்னொரு கிளப்பின் இரண்டாம் அணிக்கு இறங்கிப் போவதை ஊரில் சரிவு என்பார்கள். 2013 தொடக்கத்தில் முதல் அணி கோச்சை மாற்றியபோது, உள்ளே தயாராக இருந்தவர் இவர். சில வாரங்களில் இளவரசர் கோப்பையை வென்றார்கள். 2014-ல் அமீரகத்து அல்-ஐன். அந்த வருடமே பிரசிடென்ட் கோப்பை, அடுத்த வருடம் லீக். 2016-ல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதி: கொரியாவின் ஜியோன்புக்கிடம் அங்கே 1-2, வீட்டில் 1-1. வீட்டு ஆட்டத்தில் கிடைத்த பெனால்டி வீணாயிற்று. 2017 ஜனவரியில் வேலையை விட்டார். ஏழு வருடக் கல்ஃப் வாழ்க்கை முடிந்தபோது இங்கே அவரை நினைத்தவர்கள் குறைவு.

அதே வருடம் அக்டோபர். பின்லாந்தோடு 1-1 டிரா, உலகக் கோப்பைக்கான வழி அடைபடுகிற நிலை. கோச் சாச்சிச்சை எடுத்துவிட்டுத் தாலிச்சைக் கூப்பிட்டார்கள். கீவில் உக்ரைனோடு ஆட இரண்டு நாள்தான் இருந்தது. ஒப்பந்தம்கூடப் போடாமல் ஒத்துக்கொண்டார். கிராமரிச் இரண்டு கோல், 2-0. பிளே-ஆஃபில் கிரீஸை 4-1, 0-0 என்று தாண்டிய பிறகுதான் காகிதம் எல்லாம்.

இரண்டு நாளில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது மக்களே. யார் எங்கே நிற்பது என்பதை மட்டும் மாற்றலாம். 2018-ல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையிலும் அவர் செய்த முக்கியமான வேலை அதுதான். முதல் ஆட்டத்தில் அணியின் பெரிய மிட்ஃபீல்டர்கள் மோட்ரிச், ராக்கிட்டிச் இருவரையும் தடுப்புக்கு முன்னால் சேர்த்து நிறுத்தினார். நைஜீரியாவை 2-0 வென்றாலும் மோட்ரிச் பின்னாலேயே மாட்டிக்கொண்டார். அர்ஜென்டினாவுக்கு எதிராக ப்ரோசோவிச்சை அந்த இடத்தில் போட்டு, மற்ற இருவரையும் முன்னே விட்டார். 3-0. கால் இறுதியில் ரஷ்யாவோடு பழைய அமைப்புக்குப் போனார், நடுக்களம் ஓடவில்லை. இரண்டாம் பாதியில் ப்ரோசோவிச் இறங்கிய பிறகுதான் ஆட்டம் கைக்கு வந்தது. உன் அணியில் நன்றாகப் பாஸ் கொடுக்கிற பையனைக் கீழே நிறுத்தி வீணாக்குகிறாயா என்று பார்.

இன்னொன்று, நைஜீரியா ஆட்டக் கடைசியில் முன்கள ஆட்டக்காரர் கலினிச்சை இறங்கச் சொன்னார். முதுகுவலி என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டு நாளில் அவரைத் தாலிச் வீட்டுக்கு அனுப்பினார். 23 பேர் பட்டியலில் மாற்று ஆள் கிடையாது, மீதிப் போட்டி முழுக்க 22 பேர்தான். நாட்டுக்கு ஆடாத கோச்சை மதிப்பார்களா என்றாயே. மோட்ரிச்சும் மான்ட்சுகிச்சும் இருந்த அறையில் இது நடந்தது.

டென்மார்க், ரஷ்யா இரண்டும் பெனால்டி ஷூட்-அவுட். அரை இறுதியில் இங்கிலாந்தோடு 90 நிமிடமும் ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை, யாரும் வெளியே வரச் சம்மதிக்கவில்லை. எக்ஸ்ட்ரா டைமில் 2-1. தொடர்ந்து மூன்று எக்ஸ்ட்ரா டைம் என்றால் 90 நிமிடம், அதாவது பிரான்சைவிட ஒரு முழு ஆட்டம் அதிகமாக ஆடிவிட்டு இறுதிக்குப் போனார்கள். 2-4 தோல்வி. ஆனாலும் ஜாக்ரெப்பில் வரவேற்க ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள்.

எல்லாம் ஏற்றம் என்று நினைக்காதே. இரண்டு மாதத்தில் ஸ்பெயினிடம் 0-6. மான்ட்சுகிச், சுபாஷிச் போன்றவர்கள் விலக, அணியைப் பாதி புதிதாகக் கட்டினார். 2022-ல் ஜப்பானையும் பிரேசிலையும் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். 2024 யூரோ கோப்பையில் சரியாக முடிக்கத் தெரியாமல் வெளியேறினார்கள்: அல்பேனியா 95-வது நிமிடத்தில், இத்தாலி 98-வது நிமிடத்தில் சமன் செய்தன. முன்னிலையில் இருக்கும்போது பின்வாங்கிக் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் கூடினால் பந்து திரும்பத் திரும்ப உன்னிடமே வரும். அப்போதும் அவரை மாற்றவில்லை. 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றுவிட்டார்கள்.

இனி உன் விஷயம். இங்கே யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தரும் பி கோச்சிங் லைசென்ஸுக்குக் குறைந்தது 120 மணி நேரம், ஏ-வுக்கு 180, ப்ரோவுக்கு 360. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அணியோடு வேலை செய்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 15 மணி நேர வகுப்பு. நீ வைத்திருக்கும் டி லைசென்ஸ் இந்தியாவுக்குள் செல்லும், அவ்வளவே. ஏஎஃப்சி, அதாவது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி லைசென்ஸ் வாங்கினால்தான் ஆசியா முழுக்கப் பேச முடியும், துபாயும் அதில் சேர்த்தி. அதனால் முடிந்தால் சி முடித்துவிட்டுப் போ. அவசரம் என்றால், சி வகுப்புக்கு விடுப்பு தருவார்களா என்று எழுத்தில் கேள். எந்த வயது அணி, வாரத்துக்கு எத்தனை பயிற்சி, லீக் ஆட்டம் உண்டா என்பதையும் கேள். கோடை விடுமுறை முகாமுக்கு மட்டும் ஆள் எடுத்தால் சம்பளம் வரும், கோச்சாக எதுவும் சேராது. சின்ன அணி, இரண்டாம் அணி என்று தயங்காதே.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் உன்னிடம் பணம் கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் அண்ணன்