நூலகர் பணியும் பழைய பிம்பமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகர் பணி 'பெண்களுக்கு ஏற்ற, உட்கார்ந்தபடியே பார்க்கும் வேலை' என்று சொல்லப்படுவதை, அத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் மறுக்கிறேன். நாளிதழ்க் கட்டுகளைத் தூக்கி அடுக்குவதும், வந்த நூல்களைப் பதிவேட்டில் ஏற்றி, பகுப்பு எண் இட்டு, முத்திரை குத்தி அலமாரிக்கு அனுப்புவதும், போட்டித் தேர்வுக்குப் படிப்போரின் ஐயங்களுக்கு விடை தேடித் தருவதும் அந்த வேலையில் அடக்கம்.

இந்தப் பிம்பம் பழையது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகைப்படுத்தும் தசமப் பகுப்பு முறையைத் தந்த மெல்வில் டூயி, 1887-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் தொடங்கிய நூலகப் பள்ளியில் எதிர்ப்பை மீறிப் பெண்களைச் சேர்த்தார். ஆனால், படித்த பெண்கள் குறைந்த ஊதியத்துக்குக் கிடைப்பார்கள் என்பதும் அக்கால நூலகங்கள் அவர்களை விரும்பியதற்கு ஒரு காரணம் என்பதே வேதனை. அங்கே நூலகர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும், 1800-இல் நிறுவப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு முதல் பெண்ணாகக் கார்லா ஹேடன் வருவதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே பிம்பத்தால், இத்துறைக்கு வரும் ஆண்களும் 'வேறு வேலை கிடைக்கவில்லையா?' என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்கள். நூலகம் பற்றிய செய்திகளில், மூக்குக்கண்ணாடியும் கொண்டையுமாக 'உஷ்' என்று அதட்டும் பெண்ணின் படத்தைத் தாங்கள் தவிர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
தஞ்சாவூர்.