வாளியைக் கொட்டிவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தை அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காட்டித் தொலைத்தேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையல் கழிவை உரமாக்க நீ வைத்திருக்கும் வாளி நிறையப் புழு, கூடவே "அப்பா, அப்படியே குப்பைக் குழாயில் கொட்டிடட்டுமா?" என்று ஒரு கேள்வி. கொட்டாதே. வாட்சப்பில் பதில் போட்டால் முதல் வரியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழாயில் போட்டால் என்ன ஆகும்? எரித்து, சாம்பலைக் கடல் தாண்டி, சிங்கப்பூரின் குப்பைத் தீவான புலாவ் செமாக்காவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். 1999இல் திறந்த அந்த இடமே 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். தர்பூசணித் தோலில் முக்காலும் தண்ணீர்தான். தண்ணீரைப் போய் எரிப்பானேன்?

சரி, புழுவுக்கு வருவோம். தட்டையாக, பழுப்பு நிறத்தில், கொழுகொழுவென்று நெளிகிறதே, அது பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, வீட்டுச் சாப்பாட்டை மொய்க்கவும் வராது. புழு உன் கழிவை நம்மைவிட வேகமாகத் தின்னும். வளர்ந்து கருத்ததும் வாளியை விட்டு ஏறி வெளியே போகும், அது ஒன்றுதான் தொல்லை. காரிடாரில் ஊர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோவார்.

புழு வந்ததற்குக் காரணம் உன் படத்திலேயே இருக்கிறது. பழத்தோல், தேயிலைச் சக்கை, கீரைத் தண்டு எல்லாம் தெரிகிறது. காய்ந்த இலை ஒன்றுகூட இல்லை. காய்ந்ததில் கார்பன் அதிகம், ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பார்கள். நீ அதை மறந்துவிட்டு ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்தது என்று வைத்துக்கொள். மேலே எப்போதும் காய்ந்ததுதான் இருக்க வேண்டும். போர்வை போர்த்துவது மாதிரி.

எனக்கும் முதல் வாளி நாறித்தான் போனது. நீ அப்போது பள்ளியில் இருந்தாய், ஞாபகம் இருக்காது. மிச்சமான சாம்பார், மீன் முள், எண்ணெய் வடித்த அப்பளம் என்று எல்லாவற்றையும் போட்டேன். நான்காம் நாள் அழுகிய முட்டை வாடை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் மெல்லச் சாத்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்றிலிருந்து சமைத்தது, இறைச்சி, எண்ணெய் மூன்றும் வாளிப் பக்கம் போவதில்லை. போனால் கரப்பானும் எலியும் வரும்.

மூக்கை நம்பு. அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை. அடிவரை கிளறிவிட்டு, காய்ந்ததைச் சேர். மூத்திரம் மாதிரி காரமாகக் குத்தினால் தோல், தண்டு மாதிரி பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் காய்ந்ததுதான் மருந்து. எறும்பு ஏறினால் காய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம், கொஞ்சம் தண்ணீர் தெளி. எது என்று புரியாவிட்டால் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார். இரண்டொரு சொட்டு வந்தால் சரியான பதம். ஒழுகினால் அதிகம்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் காய்ந்தது எங்கே என்பாய். எங்கள் புளோக்கில் கூட்டும் தம்பி இலைகளை மூட்டை கட்டுகிறார். அவரிடம் கேட்டு வாங்கி, பால்கனியில் ஒரு நாள் பரப்பிவிட்டு எடுத்துவைப்பேன். இலை கிடைக்காத வாரம், படித்து முடித்த தமிழ் முரசு நாளிதழைக் கிழித்துப் போடுவேன். முட்டை அட்டையும் நல்லது. பளபளக்கும் விளம்பரத் தாள் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. வாளிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. தினமும் கொட்டிவிடு. கொசு முட்டையிட்டால் டெங்கி, சோதனைக்கு வந்தால் அபராதம் வேறு. அந்தத் தண்ணீரைச் செடிக்கு அப்படியே ஊற்றவும் வேண்டாம். காரிடாரில் வைப்பதானால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.

நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் கழிவு உரமாகிக் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வரும். தோலும் தண்டும் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. அரைகுறையாக வேரில் போட்டுத்தான் நான் ஒரு கறிவேப்பிலைச் செடியைக் கொன்றேன். ஆனபிறகும் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் போதும். சின்ன வாளி அவ்வளவாகச் சூடேறாது என்பதால் விதை சாகாது. உன் தொட்டியில் திடீரென்று பப்பாளி முளைத்தால் ஆச்சரியப்படாதே.

சனிக்கிழமை வரும்போது ஒரு பை நிறைய இலை கொண்டுவருகிறேன். அதுவரை மேலே முரசைக் கிழித்துப் போட்டு மூடிவை. அம்மாவும் வருகிறாள், அவள் உள்ளே நுழையும்போது வாளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா