குறிப்பில் விடுபட்டது அச்சின் சூடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், வீட்டிலேயே வாஃபிள், அதாவது இரு சூடான தகடுகளுக்கு இடையே மாவை ஊற்றிச் சுடும் கட்டம் போட்ட பலகாரம், சுடுவது எப்படி என்ற சமையல் குறிப்பைப் படித்தேன். மாவு, முட்டை, சீனி, பால், வெண்ணெய் ஆகியவற்றின் அளவுகளைக் குறைவில்லாமல் எழுதியிருந்தவர், அச்சைப் பற்றி மட்டும் 'மாவை அச்சில் ஊற்றிச் சுட்டெடுக்கவும்' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். வாஃபிள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் என்பதை, நான்கு முறை மாவை வீணாக்கிய பிறகு அறிந்துகொண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிப்பவள். சென்ற தீபாவளிக்கு என் மகள் ஒரு மின்சார வாஃபிள் அச்சு வாங்கித் தந்தாள். இரவுச் சந்தையில் பாண்டான் இலை மணத்தோடு பச்சை நிறத்தில் சுட்டு, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாமும் மார்ஜரினும் தடவி, இரண்டாக மடித்துத் தருவார்களே, அதைப் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கலாம் என்ற ஆசைதான். முதல் நாள், பிளக்கைச் செருகிய இரண்டாவது நிமிடத்திலேயே மாவை ஊற்றி, மேலும் இரண்டு நிமிடத்தில் மூடியைத் திறந்தேன். பாதி வாஃபிள் மேல்தட்டிலும் பாதி கீழ்த்தட்டிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் வேகாத மாவு நூல்போல் இழுத்தது. அதை முள்கரண்டியால் சுரண்டியதில் ஒட்டாத பூச்சில் விழுந்த கீறல்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கீறல் விழுந்த இரண்டு கட்டங்களில் மட்டும் இப்போதும் மாவு பிடித்துக்கொள்கிறது.

தவறு எங்கே என்று எனக்கு விளக்கியது அச்சு முறுக்கு. அச்சு முறுக்குக் கம்பியைக் காயும் எண்ணெய்க்குள் முதலில் வைத்துச் சூடேற்றிய பிறகே மாவில் தோய்க்கிறோம். அச்சு ஆறிக் கிடந்தால் மாவு அதில் பிடிக்காமல் வழுக்கி விழுந்துவிடும். அங்கே மாவு பிடிப்பதற்காகச் சூடு வேண்டும், வாஃபிள் அச்சிலோ மாவு பிடிக்காமல் இருப்பதற்காகச் சூடு வேண்டும். சூடான தட்டில் பட்ட மாவு உடனே வெந்து தோல் கட்டிக்கொள்கிறது. ஆறிய தட்டில் அது மெல்லப் பரவி, பூச்சின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கிய பிறகு அங்கேயே வேகிறது. என் அச்சில், சூடேறுவதைக் காட்டும் விளக்கு முதன்முறை அணைந்தபோது ஊற்றினால் ஒட்டுகிறது, மறுபடி எரிந்து அணைந்த பிறகு ஊற்றினால் ஒட்டுவதில்லை. அதற்காக வெறும் அச்சை அரைமணி நேரம் காயவிடவும் கூடாது. ஒட்டாத பூச்சு ஏறக்குறைய 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும் தன்மை உடையது.

அடுத்தது ஆவி. மாவில் கணிசமான பகுதி நீர்தான். அது ஆவியாகி மூடியின் ஓரங்களில் புகைபோல வெளியேறும். ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருக்கும்போது திறப்பவர்களுக்கு எனக்குக் கிடைத்த அந்த இரண்டு பாதிகள்தான் கிடைக்கும். ஆவி குறைந்து ஏறக்குறைய நின்றதும், மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அது தடையில்லாமல் எழும். இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் விட வேண்டும். கடிகாரத்தைவிட இந்த அடையாளத்தை நான் அதிகம் நம்புகிறேன். சுட்டதைத் தட்டில் அடுக்கி வைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் அடியில் உள்ளவை ஐந்து நிமிடத்தில் துணிபோல் துவண்டுவிடும் என்பதால், கம்பி வலை மேல் ஒவ்வொன்றாகப் பரப்புவது நல்லது.

மாவைப் பொறுத்தவரை அச்சிட்ட அளவில் எனக்குக் குறை இல்லை. கோதுமை மாவில் கால் பங்கைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு நீடிக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மீந்த தோசை மாவையும் இதில் ஊற்றலாம். அதில் கொழுப்பும் சீனியும் இல்லாததால் ஒரு கரண்டி மாவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் கலந்து, தட்டிலும் எண்ணெய் தடவி, வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக விட வேண்டும். நிறம் வெளிறித்தான் இருக்கும். ஆனாலும் கட்டங்களுக்குள் சம்பல் தேங்கி நிற்பதால், காலையில் பசியாற என் பேரன் இப்போது தோசையை இந்த வடிவில்தான் கேட்கிறான்!

இந்த அச்சு நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. நான் பிறந்த தோட்டத்தில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடும். ஆனால் சீனப் பெருநாள் நெருங்கினால் கடைக்காரச் சீனர் வீட்டுப் பெண்கள், நீண்ட கைப்பிடி உள்ள இரட்டைத் தகட்டைக் கரியடுப்பில் புரட்டிப் புரட்டிக் கூய் காப்பிட் என்னும் மெல்லிய மொறுமொறு பலகாரம் சுடுவதை நாங்கள் சுற்றி நின்று பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்ற வாஃபிள் அச்சும் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடுவதுதான். மின்சாரம் வந்த பிறகு இரு தகடுகளும் ஒரே நேரத்தில் சூடாவதால் திருப்பும் வேலை மிச்சமாயிற்று.

வேலை மிச்சமான இடத்தில் வேறோர் ஆபத்து வந்து சேர்ந்திருப்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒருவர் வீட்டில், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த அச்சின் இரண்டு கால் பிளக்கை, மூன்று துளை உள்ள சாக்கெட்டில், மேல்துளைக்குள் பேனாவை நுழைத்து அழுத்தி ஏற்றினார்கள். அந்த அச்சு 120 வோல்ட்டுக்கு உரியது. நம் நாட்டில் வருவதோ 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானால் சூடேற்றும் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்கை நெருங்கும். மாவை ஊற்றுவதற்கு முன்பே கைப்பிடியின் பிளாஸ்டிக் இளகி, பொசுங்கிய வாடை வீடு முழுவதும் பரவிற்று. அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 220 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, சிரிம் என்னும் மலேசியத் தரச் சான்று நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அரிசிக்குக்கர், கெட்டில், வாஃபிள் அச்சு ஆகிய மூன்றையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பழைய தோட்ட லயங்களிலும் மலிவு வீடுகளிலும் சமையலறைக்கு ஒரே சாக்கெட் இருப்பதால் இந்த வழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. கழுவுவதற்காக அச்சைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவதும் கூடாது. இளஞ்சூட்டில் ஈரத்துணியால் துடைத்து, கட்டங்களின் மூலைகளை மூங்கில் குச்சியால் நெருடினால் போதுமானது.

ஆகவே, சமையல் பகுதியில் இனி இதுபோன்ற கருவிகளுக்கான குறிப்புகளை வெளியிடும்போது, அச்சை எவ்வளவு நேரம் காயவைப்பது, எத்தனை கரண்டி மாவு ஊற்றுவது, எந்த அடையாளத்தைப் பார்த்துத் திறப்பது ஆகிய மூன்றையும் மாவின் அளவோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால், தட்டு நிறைய அடுக்கிய வாஃபிள்களின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்