ஏன் முதலில் ஒரு துண்டு கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"வெல்வெட்ல பூ டிசைன் போடத்தானே கேட்டேன், அதுக்கு எதுக்கு முதல்ல உள்ளங்கை அளவு துண்டு, அப்புறம் நாலு நாள் காத்திருப்பு?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், சிலர் கோபமாகவே. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

வெல்வெட் என்பது இழையின் பெயர் இல்லை, நெய்யும் விதத்தின் பெயர். அடியில் ஒரு துணி, அதன்மேல் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் குட்டை முடி, அவ்வளவுதான். அடித்துணி பட்டாகவும் முடி ரேயானாகவும் இருக்கலாம், இரண்டுமே பருத்தியாக இருக்கலாம், இரண்டுமே பாலியஸ்டராகவும் இருக்கலாம். வாங்கும்போது எல்லாம் ஒரே வெல்வெட்தான், எங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும்.

நீங்கள் அதிகம் கேட்பது டெவோரே, சிலர் பர்ன் அவுட் என்பார்கள். முடியைச் சில இடங்களில் மட்டும் எரித்து எடுத்து, மீதியைப் பூவாகவோ கொடியாகவோ விடுகிற வேலை. சோடியம் பைசல்பேட் என்ற அமில உப்பு கலந்த பசையைத் துணியின் முதுகில் அச்சிட்டு, காயவைத்து, சூடு காட்டுவோம். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, பருத்தியைப் போலவே செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், அதை அமிலம் தின்றுவிடும். பட்டு புரதம் என்பதால் தாங்கும். பசை பட்ட இடம் இளம்பழுப்பாக மாறியதும் சூட்டை நிறுத்த வேண்டும், கறுக்கும்வரை விட்டால் பட்டும் போச்சு. பிறகு கழுவினால் கருகிய முடி உதிர்ந்து, அந்த இடத்தில் மெல்லிய பட்டு மட்டும் ஒளி ஊடுருவ நிற்கும். இத்தனை வருடமாகியும் அந்தக் கழுவும் நேரம் எனக்குக் கொஞ்சம் படபடப்புதான்.

காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில் ஒருவர் பட்டு அடித்துணி என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பிப் பசை போட்டோம். அடித்துணியும் ரேயான். தொட்டியில் முடியோடு துணியும் கரைந்து, கையில் வந்தது சல்லடை. சோதிக்காமல் இறங்கியது எங்கள் தவறு, துணிக்கு ஈடு கொடுத்தோம். அன்றிலிருந்து எந்த வெல்வெட் வந்தாலும் முடியில் கொஞ்சமும் அடித்துணியில் ஒரு நூலும் உருவி எரித்துப் பார்க்கிறோம்: காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தியோ ரேயானோ, தலைமுடி கருகுகிற வாசனை வந்தால் பட்டு, உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. கலப்பு இழை என்றால் இது போதாது, துண்டில் முழு வேலையையும் செய்து பார்த்தே ஆக வேண்டும். அந்த நாலு நாள் இதற்குத்தான்.

தைத்து முடித்த உடையைக் கொண்டுவந்து டெவோரே கேட்காதீர்கள். தையல் நூல் பருத்தியாக இருந்தால் அமிலம் அதையும் தின்னும், தையல் பிரிந்துவிடும்.

எம்போஸிங் வேறு கதை. அச்சுக்கட்டைமேல் வெல்வெட்டை முகம் கீழாகக் கவிழ்த்து, முதுகில் லேசாகத் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் சில விநாடி அழுத்தி வைத்தால் முடி படிந்து உருவம் விழும். ரேயானில் அவ்வளவு அழகாக வரும், ஆனால் நனைந்தாலோ ஆவி பட்டாலோ முடி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பாலியஸ்டர் நேர்மாறு. கை இஸ்திரிக்குச் சரியாக மசியாது, சூடான உருளையில் கொடுத்தால் இளகி, ஆறும்போது அதே வடிவத்தில் இறுகி, துவைத்தாலும் நிற்கும். பருத்தி வெல்வெட்டில் மங்கலாகத்தான் விழும், அதை நாங்கள் எடுப்பதில்லை.

ப்ளீட் மடிப்பிலும் இதே கணக்குத்தான். வெனிஸில் இருந்த ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சுனி 1909-இல் காப்புரிமை வாங்கிய டெல்ஃபோஸ் என்ற பட்டு உடையின் நுண்மடிப்புகள்கூட நனைந்தால் போய்விடும், மறுபடி மடிக்க அவர் பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. சுருட்டி முறுக்கிப் பெட்டியில் வைத்துத்தான் பாதுகாத்தார்கள். அதனால், பட்டு மடிப்பு துவைத்த பிறகும் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், நிற்காது. பாலியஸ்டரில் நிற்கும்.

ஃபாயில், அதாவது பளபளக்கும் மெல்லிய தாளைப் பசையால் ஒட்டும் வேலை, பற்றி ஒரு வரி: செய்கிறோம், ஆனால் பசை இறங்கிய இடத்தில் முடி விறைத்துவிடும் என்பதால் வெல்வெட் முழுக்கப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஓரத்தில் கொஞ்சம் போட்டால் சரி.

வெல்வெட்டின் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த திசையில் தடவினால் வழுக்கும், பளபளக்கும், எதிர்த்துத் தடவினால் நிறம் அழுத்தமாகத் தெரியும். இரண்டு துண்டுகள் எதிரெதிர்த் திசையில் வந்தால் ஒரே துணி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே துண்டு அனுப்பும்போது நெய்த ஓரம் இருக்கும்படி வெட்டி, முதுகில் சாக்குக்கட்டியால் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு அனுப்புங்கள். முழுத் துணியிலும் அதே மாதிரி ஓர் அம்புக்குறி. மடித்து அனுப்ப வேண்டாம், குழாயில் சுற்றி அனுப்பினால் தடம் விழாது.

அன்புடன்,
பட்டறையிலிருந்து