லாஹ்தியிலிருந்து அப்பாவுக்கு

லாஹ்தி, பின்லாந்து
ஆவணிக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். குளிர் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கும் காலம் முடிந்துவிட்டது.

போன கிழமை போனில் "சின்னவள் பந்தடிக்கப் போகிறாளாம், எந்தக் கழகம்?" என்று கேட்டீர்கள். ரெய்பாஸ் என்றேன். "என்னடா அது, பாயாசம் மாதிரி ஒரு பெயர்" என்று சிரித்தீர்கள், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போனில் சொல்லி முடிக்கக்கூடிய கதையும் இல்லை அது. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசிப்பீர்கள் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

பெயரின் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து மொழியில் ரெய்பாஸ் என்றால் சுறுசுறுப்பு, உற்சாகம், சோர்ந்து கிடக்காத ஆள் என்று பொருள். அம்மா என்னைச் சின்ன வயதில் எழுப்பும்போது எப்படி இருக்கச் சொல்லுவாவோ அப்படி. செம்மஞ்சளும் கறுப்பும்தான் கழகத்தின் நிறம். இப்போது பெரியவர்களின் அணி கீழ்ப் பிரிவில்தான் ஆடுகிறது. இங்கே பிரிவுகளுக்குப் பெயர் வைத்திருப்பதே ஒரு கூத்து அப்பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்கள் மொழியில் பெயர், ஆனால் 'ஒன்று' என்ற பிரிவுக்கு மேலே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 'மூன்றாவதில் ஆடுகிறோம்' என்று ஒருவர் சொன்னால் உண்மையில் அது நாட்டின் ஐந்தாம் தட்டு. வந்த புதிதில் இது விளங்காமல், ஏதோ பெரிய அணியைப் பார்க்கப் போகிறேன் என்று நல்ல சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். மொத்தம் நாற்பது பேர், அதில் ஒரு நாய்.

அந்த நாற்பது பேர் பார்க்கும் கழகத்துக்குத்தான் மூன்று தேசிய சாம்பியன் பட்டமும் ஏழு தேசியக் கிண்ணமும் இருக்கின்றன. நான் நம்பவில்லை. முதலில் எனக்குச் சொன்னவர் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு ஐயா. தொண்ணூறு தாண்டிவிட்டது, காலையில் தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம், கோப்பிதான் வேண்டும் என்பார், மற்றபடி வாய் திறக்க மாட்டார். இங்கே எல்லோருமே அப்படித்தான், பேருந்து நிறுத்தத்தில்கூட ஆளுக்கு ஆள் இரண்டு பாகம் தள்ளி நிற்பார்கள். ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துவிடும்போது மகள் ரெய்பாஸில் ஆடுகிறாள் என்று சும்மா சொன்னேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் விடவில்லை. அரைச் சவரத்தோடுதான் முழுக் கதையும்.

ரெய்பாஸ் லாஹ்தியில் பிறந்ததே இல்லை அப்பா. 1891 இல் வீபுரி என்ற ஊரில் தொடங்கிய கழகம் அது. முதலில் உடற்பயிற்சிக் கழகம், உதைபந்தாட்டமெல்லாம் பிறகு வந்தது. வீபுரி கிழக்குப் பக்கம், கடலோரம், பெரிய கோட்டையும் துறைமுகமும் உள்ள நகரம், அந்தக் காலத்தில் பின்லாந்தின் இரண்டாவது பெரிய நகரம். 1939 கடைசியில் சோவியத் படை வந்தது. 1940 மார்ச்சில் சமாதானம் எழுதினார்கள், எழுதும்போது வீபுரியோடு சேர்த்துக் கரேலியாவின் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் எழும்பி வந்துவிட்டது. நாட்டின் மொத்த மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கும் மேல். 1941 இல் பின்லாந்துப் படை ஊரைத் திரும்பப் பிடித்தது, சனமும் திரும்பிப் போனது, உடைந்த வீடுகளைக் கட்டினார்கள், உருளைக்கிழங்கு நட்டார்கள். 1944 ஜூன் 20 இல் வீபுரி மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு போகவில்லை. இன்று அது ரஷ்யாவில் வைபோர்க் என்ற பெயரில் இருக்கிறது.

ஐயா இரண்டு தரமும் ஓடி வந்தவர். முதல் தரம் ஐந்து வயது, இரண்டாம் தரம் பத்து. "முதல் தரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தோம், இரண்டாம் தரம் பூட்டவில்லை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் 1990 ஆனியில் சண்டை வந்து எங்கள் ஊர் மயிலிட்டியிலிருந்து வெளிக்கிடும்போது திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததும், மல்லாகம் முகாமில் அது வருடக்கணக்காக ஆணியில் தொங்கியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவருக்குச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பாஷை இல்லை.

வீபுரிச் சனத்தில் நிறையப் பேர் இந்த லாஹ்திக்குத்தான் வந்தார்கள். சனம் மட்டும் வரவில்லை, கடைகள் வந்தன, கம்பனிகள் வந்தன, ஒரு இசைக்குழுகூட வந்தது. இங்கே ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய பெரிய மண்டபத்தில் வாசிக்கும் லாஹ்தி சிம்பொனிக்காரர்களின் வேரும் வீபுரிதான். அதோடு கழகமும் வந்தது. வீபுரியின் ரெய்பாஸ் என்று இருந்தது பிறகு லாஹ்தியின் ரெய்பாஸ் ஆனது, முன்னால் இருந்த ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறியது.

வந்தவர்களை எல்லோரும் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். எங்களை 'இடம்பெயர்ந்ததுகள்' என்று சொன்னார்களே, அது மாதிரி இவர்களையும் ரஷ்யன் என்ற கருத்துவரும் ஒரு கெட்ட வார்த்தையால் கூப்பிட்டிருக்கிறார்கள், இத்தனைக்கும் ரஷ்யனிடமிருந்து ஓடி வந்த சனம். இப்போது பார்த்தால் நாடு முழுவதும் அவர்களின் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறது. கம்பு மாதிரி ஒரு தானியம் இருக்கிறது, அந்த மாவில் மெல்லிய தட்டு செய்து, உள்ளே பால்விட்டுக் குழைத்த சோற்றை வைத்து, ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளிச் சுட்டு, மேலே அவித்த முட்டையும் பட்டரும் பிசைந்து பூசுவார்கள். சோறுதான் அப்பா! வந்த முதல் மாதம் இதைக் கண்டபோது பாதி அழுகையும் பாதிச் சிரிப்பும் வந்தது. உப்பு மட்டும் காணாது.

சரி, பந்துக்கு வருகிறேன். 1963 இல் ரெய்பாஸ் முதல் தடவை நாட்டின் சாம்பியன் ஆனது. பிறகு 1967, பிறகு 1970. முதல் கிண்ணம் 1964 இல். அப்புறம் நடந்ததுதான் பெரிய விசயம்: 1972 முதல் 1976 வரை ஐந்து வருடம் தொடர்ந்து கிண்ணம் இவர்களுக்குத்தான். 1977 இல் விட்டுவிட்டு 1978 இல் மறுபடி எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது ஐயா விரலை மடக்கி மடக்கி எண்ணினார், ஐந்து முடிந்ததும் கையை அப்படியே மூடி வைத்துக்கொண்டார்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். கோல் காவலராக நின்று யாரோ ஒரு கழகத்திடம் எட்டு கோல் வாங்கியதை நீங்கள் இன்றுவரை மறக்கவில்லை, மழை, பந்து வழுக்கியது, பின்வரிசைக்காரன் சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் சொல்லுவீர்கள். ரெய்பாஸ் 1968 இல் ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போனது. முதல் சுற்றில் மால்டா நாட்டு அணியை வென்றது. அடுத்த சுற்றில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்பார்டாக் ட்ரனாவா. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து வாங்கியது பதினாறு, போட்டது இரண்டு. சாம்பியன் அணியின் கோல் காவலருக்கே அந்தக் கதி என்றால் நீங்கள் எட்டோடு தப்பியது பெரிய காரியம்.

இந்த ஊர் மைதானத்தின் பெயர் கிசாபுயிஸ்தோ, விளையாட்டுப் பூங்கா என்று பொருள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் உதைபந்தாட்டம் இங்கேயும் நடந்திருக்கிறது. அதே ஒலிம்பிக்கில்தான் இந்திய அணிக்காரர் பலர் வெறுங்காலோடு இறங்கி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றார்கள், அது ஹெல்சிங்கியில். நீங்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிய கதையைச் சின்னவளுக்குச் சொன்னேன். "தாத்தாவுக்குக் கால் குளிராதா?" என்று கேட்டாள்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. யாரி லித்மானெனுடையது. பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1995 இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம் ஐரோப்பாவையே வென்றபோது பத்தாம் இலக்கச் சட்டை போட்டவர், பிறகு பார்சலோனா, லிவர்பூல் என்று போனவர். பின்லாந்தில் அவரை ராஜா என்றுதான் சொல்லுவார்கள். அவர் லாஹ்திப் பிள்ளை, ரெய்பாஸில் வளர்ந்தவர், 1987 இல் பதினாறு வயதில் ரெய்பாஸ் பெரிய அணிக்கு இறங்கியவர். தகப்பனும் ரெய்பாஸ்தான், நாட்டு அணிக்கும் ஆடியவர். தாயும் ரெய்பாஸில் பந்தடித்தவ. அதனால்தான் சின்னவளைச் சேர்க்கும்போது நான் பெண்பிள்ளை என்று யோசிக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவ இன்னும் முழங்கால் காயத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறா.

இவ்வளவு பெரிய கழகம் எப்படிக் கீழே போனது என்றுதானே கேட்பீர்கள். இதே ஊரில் கூசுசி என்று இன்னொரு கழகம் வளர்ந்தது. கூசுசி என்றால் அறுபத்தொன்பது. ஒரு கம்பனி அணியாக இருந்து வந்தது, எண்பதுகளில் ரெய்பாஸை அப்படியே தாண்டிவிட்டது. 1982 முதல் 1991 வரைக்குள் ஐந்து தரம் சாம்பியன். 1986 இல் ஐரோப்பியக் கிண்ணத்தின் கால் இறுதிவரை போய் ருமேனியாவின் ஸ்டெயாவாவிடம் ஒரே ஒரு கோலால் தோற்றது, அந்த வருடக் கிண்ணத்தை எடுத்ததே அந்த ஸ்டெயாவாதான். ஐயாவுக்குக் கூசுசி பெயரைச் சொன்னால் முகம் சுருங்கும். "அவர்கள் நல்லாய் ஆடினார்கள்" என்பார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் பெரிய பொருளாதார நெருக்கடி. 1996 இல் இரண்டையும் ஒன்றாக்கி எஃப்சி லாஹ்தி என்று ஒரு அணியை உண்டாக்கினார்கள். கணக்குப் பார்த்தால் சரிதான். ஆனால் மூன்றும் ஐந்தும் எட்டு சாம்பியன் பட்டம் வைத்திருந்த இரண்டு கழகத்தைச் சேர்த்துச் செய்த அணி இதுவரை ஒரு தரமும் சாம்பியன் ஆகவில்லை. என்னைக் கேட்டால், கணக்கெழுதுபவர்கள் சேர்த்தார்கள், பார்க்க வருகிறவர்கள் சேரவில்லை. மாமாவும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன மூன்று மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே.

ரெய்பாஸ் பெயர் சாகவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது, கீழ்ப் பிரிவில் ஆடியது, இன்னும் ஆடுகிறது. சின்னவளின் அணியில் பயிற்சியாளர் ஒரு பிள்ளையின் தகப்பன், சம்பளம் இல்லை. கோப்பி ஊற்றுவது தாய்மார், கோல் வலை கட்டுவது, வாட்டிய சொசேஜ் விற்பது எல்லாம் பெற்றோர் முறைவைத்து. இதற்குத் தல்கோத் என்று பெயர், காசு வாங்காமல் ஊர்கூடிச் செய்யும் வேலை. கோயில் திருவிழாவுக்கு நாங்கள் செய்யும் சிரமதானம் மாதிரி என்று வையுங்கள். என் முறைக்கு நான் சொசேஜ் வாட்டினேன், மிளகாய்த்தூள் கொஞ்சம் தூவிவிட்டேன். ஒருவர் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. அடுத்த கிழமை அவரே வந்து "அந்தத் தூள் இருக்கிறதா" என்று கேட்டார்.

கார்த்திகை வந்துவிட்டால் வெளியில் ஆட்டம் இல்லை, பெரிய பலூன் மாதிரி காற்றடித்த கூடாரத்துக்குள் செயற்கைப் புல்லில் ஓடுவார்கள். சப்பாத்துக்குள் கறுப்பு ரப்பர் துகள் நிறைந்து வரும், வீடு முழுக்க அதுதான், உங்கள் மருமகள் கூட்டிக் கூட்டிக் களைத்துவிட்டாள்.

போன ஞாயிறு அனுமதி வாங்கி ஐயாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோய்ச் சின்னவளின் ஆட்டத்தைக் காட்டினேன். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அவர் பேசவே இல்லை. திரும்பி வரும்போது மட்டும், உன் ஊர்க் கழகம் என்ன ஆனது என்று கேட்டார். முகாமில் இருக்கும்போது அதே பெயரில் அப்பா அணி சேர்த்தார், பக்கத்து ஊர்க்காரரின் மைதானத்தில் அவர்கள் ஆடி முடியும்வரை காத்திருந்து இருட்டில் ஆடினார்கள் என்றேன். 2017 இல் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தைத் திரும்ப விட்டதையும் சொன்னேன். "அப்போ மைதானம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை அப்பா. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? அந்தப் பனை வரிசைப் பக்கத்துக் கோல் கம்பம் இருக்கிறதா? போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஐயாவுக்குக் காட்ட வேண்டும். பழைய அணிப் படம், நீங்கள் தொப்பியோடு நடுவில் நிற்பது, அதையும் தம்பியிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள்.

காசு வெள்ளிக்கிழமை போட்டிருக்கிறேன். பிரஷர் குளிசையை நிறுத்த வேண்டாம், நல்லாய்த்தான் இருக்கிறது என்று நீங்களாக முடிவெடுக்கிற பழக்கம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி அனுப்பியிருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் எதற்கு என்று கேட்பா, மார்கழிக்கு வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு: சின்னவள் கோல் காவலராக நிற்கப் போகிறாளாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.